ஆண்டு தெரியாத ரூபாய்

பம்பாய்
12-9-1981

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி சோணைமுத்து எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் பாண்டியும் சுகமா? உன் மூட்டுவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் மச்சான் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமையும் தாராவிக்குப் போய், நம் பக்கத்து ஆட்கள் குடியிருக்கிற சந்துகளில் எல்லாம் கேட்டேன். பெயர் மலையாண்டி, திருவாதவூர், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்று சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. பார்த்தேன் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. அவர் போய் மூன்றரை வருஷம் ஆகிறது. ஆனாலும் மாதம் ஒரு தடவை கேட்காமல் விட மாட்டேன்.

இப்போது வேறு சேதி. நான் பியூன் வேலை பார்க்கிற ஆபீசுக்கு எதிரே, நடைபாதையில் துணி விரித்து ஒரு சேட்டு பழைய காசு விற்கிறான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பழக்கம். ஐந்தாம் ஜார்ஜ் ராசா பட்டத்துக்கு வந்ததும் 1911-இல் அடித்த வெள்ளி ரூபாய்க்குத் தனி விலையாம். ராசா போட்டிருக்கிற அங்கியில் சின்னதாக ஒரு யானை உண்டு. அந்த வருஷம் அடித்ததில் துதிக்கை குட்டையாகி, யானை பன்றி மாதிரித் தெரிந்திருக்கிறது. சனங்கள் முகம் சுளித்ததால் சர்க்கார் பாதியிலே நிறுத்தி, கையிருப்பை உருக்கிவிட்டதாம். மறு வருஷம் யானையைத் திருத்தி அடித்தார்கள். 1912 என்றால் வெள்ளிக்கு உள்ள விலைதான். 1911 என்றால் எண்ணூறு ரூபாய் தருவேன் என்கிறான்.

அதைக் கேட்டதும் உன் பரிசத் தட்டில் மச்சான் வீட்டார் வைத்த ரூபாய் ஞாபகம் வந்தது. கிரீடமும் தாடியுமாக ஒரு ராசா. எனக்கு அப்போது பத்து வயது. அதை நாக்கில் வைத்துப் பார்த்து உன்னிடம் அடி வாங்கினேன். காசைத் திருப்பினால் பூக்கொடி போட்ட பக்கத்தில் ஆண்டு இருக்கும். பார்த்து எழுது. பாண்டிக்கு மாப்பிள்ளை பார்ப்பதாக எழுதியிருந்தாய். தாய்மாமன் சீராக ஒரு சோடித் தோடு போட எனக்கு ஆசை. என் சம்பளத்துக்குத் திருகாணிதான் வாங்கலாம். அந்தக் காசு கை கொடுத்தால் நல்லது.

இப்படிக்கு,
சோணைமுத்து


திருவாதவூர்
30-9-1981

தம்பி சோணைமுத்துவுக்கு அக்கா மாயக்காள் ஆசீர்வாதம். நானும் பாண்டியும் இருக்கிறோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். மழை இன்னும் இறங்கவில்லை.

உன் கடிதத்தைப் பாண்டி வாசித்துவிட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தாள். தாய்மாமன் சீரை அக்காள் வீட்டுக் காசிலேயே முடிக்கப் பார்க்கிறாயே, கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிற கதை இதுதான். நான் ஐந்தாவது படித்ததற்கே இம்புட்டு விவரம் தெரிகிறது, பத்தாவது படித்த உனக்குக் கேட்பானேன்.

அந்த ரூபாய் இப்போது காசு இல்லை தம்பி. உன் மச்சான் பங்காளியோடு நடந்த நில வழக்கில் தோற்ற அன்றைக்குக் கோர்ட்டிலிருந்து வீடு திரும்பவே இல்லை. தல்லாகுளத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று ஆள் விட்டுச் சொன்னார். பஸ் வந்தது, அவர் வரவில்லை. ஒரு மாசம் கழித்துப் பம்பாய் முத்திரை குத்தின கார்டு ஒன்று வந்தது. நல்லா இருக்கேன், தேட வேண்டாம், அம்புட்டுத்தான் அதில் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதானே நீயும் அங்கே தேடுகிறாய்.

கார்டு வந்த அன்றைக்கே மந்தைக் கருப்பசாமி முன்னால் நின்று, அவர் எனக்குக் கொடுத்த அந்தப் பரிச ரூபாயையே மஞ்சள் துணியில் முடிந்தேன். உயிரோடு வந்து சேர்ந்தால், அவர் கையாலேயே முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போடுவதாக நேர்ந்துகொண்டேன். சாமி படத்து ஆணியில் அது தொங்குகிறது. முடிகிறபோது யாராவது ஆண்டு பார்ப்பார்களா? ராசாவுக்குத் தாடி இருந்தது. மற்றது எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

அவரை விசாரிப்பதை விடாதே. உன் சேட்டிடம் சொல், அது வேறு உண்டியலுக்குப் போகிற காசு என்று.

உன் அக்கா,
மாயக்காள்


பம்பாய்
20-10-1981

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். தீபாவளிக்கு வர லீவு கிடைக்கவில்லை. பாண்டிக்குச் சேலை பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அங்கே மழை பிடித்ததா?

மச்சானைத் துறைமுகத்துப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார் என்று ஓடினேன். அது வேறு ஆள், தேனிக்காரர். மேலூர் முத்துக்கருப்பன் என்று ஒருவர் அங்கே மூட்டை தூக்குகிறார். அவரிடம் அடையாளம் எல்லாம் சொல்லி, ஆபீஸ் போன் நம்பரும் கொடுத்து வைத்திருக்கிறேன்.

காசு விஷயம் கோபிக்காமல் கேள். நேர்த்திக் காசை எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. முடிச்சை ஒரு நிமிஷம் அவிழ்த்து ஆண்டைப் பார். 1912 என்றால் அப்படியே கட்டிவிடு, சாமிக்கு நஷ்டம் இல்லை. 1911 என்றால் அதை எடுத்துக்கொண்டு, இப்போதைய ரூபாய் ஒன்றுக்குப் பத்தாக வைத்துக் கட்டு. சாமிக்கு லாபம்தானே? சேட்டு தினமும் கேட்கிறான். தேயாமல் இருந்தால் ஆயிரம் தருகிறானாம்.

இப்படிக்கு,
சோணைமுத்து


திருவாதவூர்
8-11-1981

தம்பிக்கு அக்கா எழுதுவது. சுகம்தான். சேலை வந்தது, நிறம் பாண்டிக்கு எடுப்பாக இருக்கிறது. அதற்காக உன்னைத் திட்டாமல் விடுவேன் என்று நினைக்காதே.

சாமி என்ன ரேஷன் கடைக்காரனா, மூட்டையை மாற்றி வைத்தால் கணக்கு சரியாகிவிட? அவர் கை பட்ட காசு அது. வேறு காசு வேறு ஆளுக்குத்தான் சேரும். நீ சொன்னாய் என்பதற்காகப் பூசாரி காளையிடம் போய்க் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"ஒண்ணு ஆளு வரணும். இல்ல, சேதி வரணும். நடுவுல அவுத்தா நீயே அந்த ஆள வேணாம்னு சொன்ன மாதிரி ஆத்தா" என்றார்.

இனிமேல் ஆண்டு கீண்டு என்று எழுதாதே.

நல்ல சேதி ஒன்று. கோச்சடையில் ஒரு வரன் தகைந்திருக்கிறது. பையன் பெயர் கருத்தக்கண்ணன், மில்லில் வேலை, தண்ணி பழக்கம் இல்லை. தையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்பன் எங்கே என்று கேட்டார்கள். பம்பாயில் தம்பியோடு இருக்கிறார், கல்யாணத்துக்கு வருவார் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னதற்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பொய்யாக்காமல் இருக்கிறது உன் கையில்தான் இருக்கிறது, தேடு.

மாயக்காள்


பம்பாய்
24-11-1981

அன்புள்ள அக்காவுக்கு. பாண்டிக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். தையில் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். தாய்மாமன் இல்லாமல் மாலை மாற்றிவிடாதீர்கள்.

மச்சானைப் பற்றித் தகவல் இல்லை. முத்துக்கருப்பனைப் போய்ப் பார்த்தேன், அவரும் கண்ணில் படவில்லை என்கிறார்.

நான் சொல்கிறேன் என்று வருத்தப்படாதே. மூன்றரை வருஷமாக நீ காசை முடிந்து வைத்திருக்கிறாய். அதைப் பார்த்து அவர் வந்துவிட்டாரா? வருகிறவர் முடிச்சு இல்லாவிட்டாலும் வருவார். வராதவரை ஒரு துணி இழுத்துவராது. ஆணியில் தொங்குகிற அந்தக் காசால் அவருடைய மகள் காதில் ஒரு தோடு ஏறும் என்றால், அவரே சரி என்றுதான் சொல்லுவார். எனக்குத் தெரிந்த மச்சான் அப்படித்தான். மூன்றாம் தடவையாகக் கேட்கிறேன், ஆண்டை மட்டும் பார்.

சோணைமுத்து


திருவாதவூர்
6-12-1981

தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை, மனசுதான்.

மூன்று கடிதம் எழுதினாய், மூன்றிலும் காசு. முந்தின கடிதத்தைப் படித்துவிட்டு இனி உனக்குப் பதிலே போடுவதில்லை என்றுதான் இருந்தேன். போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவருடைய பெரியம்மா வந்திருந்தது. பாண்டியின் காதைத் தொட்டுப் பார்த்து, "மூளிக் காதோட வந்தா எங்க வீட்டுப் பொம்பளைக பேசுவாளுக" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனது. பாண்டி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அன்றைக்கு விளக்கு வைத்துவிட்டு முடிச்சில் கையை வைத்தேன் தம்பி. எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் சேர்ந்து துணி இறுகிக் கிடக்கிறது. நகத்தால் நெம்பினேன். ஒரு சுற்றுத் தளர்ந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம். அவர்தான் என்று ஓடினேன். பால்காரர். திரும்பி வந்து தளர்ந்ததை இறுக்கினேன். அவரை வேண்டாம் என்று சொல்ல இருந்தேனே என்று விடிய விடிய அழுதேன்.

ஆனாலும் பிள்ளை காது மூளியாக இருக்கிறதே. நீ சொன்னதில் ஒன்று மட்டும் மனசில் நிற்கிறது, அவரே சரி என்றுதான் சொல்லியிருப்பார். நான் அவிழ்க்க மாட்டேன். தையில் நீ வந்ததும் நீயே கருப்பசாமியிடம் கேட்டுவிட்டு அவிழ்த்துப் பார். பாவம் வந்தால் நாம் ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். உடனே பதில் போடு.

மாயக்காள்


பம்பாய்
4-1-1982

அன்புள்ள அக்காவுக்கு. சுகம். பதில் போடத் தாமதம் ஆகிவிட்டது, ஆபீசில் வேலை அதிகம். நீயும் பாண்டியும் சுகமா? குளிருக்கு மூட்டுவலி கூடுதலாக இருக்கும், தைலத்தை நானே கொண்டுவருகிறேன்.

முடிச்சை அவிழ்க்க வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். நான் எழுதினது தப்பு. நேர்ந்த காசைத் தொடக் கூடாது என்று பூசாரி சொன்னதுதான் சரி. சேட்டும் இப்போது அந்த இடத்தில் கடை போடுவதில்லை, எங்கேயோ போய்விட்டான். தோட்டைப் பற்றிக் கவலைப்படாதே. முதலாளியிடம் முன்பணம் கேட்டிருக்கிறேன், வாங்கிக்கொண்டு வருகிறேன்.

கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். தையிலேயே நடக்கட்டும். கல்யாணம் முடிகிறவரைக்கும் வேறு எதையும் நினைக்காதே.

இப்படிக்கு,
சோணைமுத்து


திருவாதவூர்
13-1-1982

தம்பிக்கு. கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை வாசித்தேன்.

சரி, அவிழ்க்கவில்லை. நீ கேட்டுக்கொண்டபடி வேறு எதையும் நினைக்கவும் இல்லை. தை 22-ஆம் தேதி முகூர்த்தம். பத்திரிகை அடித்தாயிற்று. மலையாண்டி மாயக்காள் தம்பதியரின் மகள் என்று போட்டிருக்கிறோம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன்.

வந்து சேர். கடிதத்தில் எதுவும் எழுதாதே. பாண்டிதான் வாசிக்கிறாள்.

அக்கா


திருவாதவூர்
9-2-1982

தம்பி, இந்தக் காகிதத்தை உன் பையின் அடியில், நீ கொண்டுபோகிற கருவாட்டுப் பொட்டலத்துக்குக் கீழே வைக்கிறேன். ரயில் ஏறின பிறகு பார்த்தால் போதும். கூடவே மஞ்சள் முடிச்சு இருக்கிறது. பதறாதே.

உன் மச்சான் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் சுகத்தைக் கேட்டுவிட்டு அடுத்த வரியில் மச்சானைத் தேடினேன் என்று எழுதுவாய். நாலு மாசமாக ஒரு கடிதத்திலும் அது தப்பவில்லை. ஜனவரிக் கடிதத்தில் அவர் பேச்சே இல்லை. மூன்று கடிதத்தில் அவிழ், அவிழ் என்று நச்சரித்தவன், நான் சரி என்றதும் தொடாதே என்கிறாய். உனக்குத் திடீரென்று சாமி பயம் வந்துவிட்டதா? ஒரு காசுக்காக மூன்று தரம் அக்காளோடு மல்லுக்கு நின்றவன், அதைக் கும்பிட்டு ஒதுங்குகிறான் என்றால் அந்தக் காசுக்கு உரியவர் போய்விட்டார். அன்றைக்குப் பம்புசெட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்தில் நின்று அழுதேன். பாண்டிக்குக் கேட்கவில்லை.

பிறகு நீ வந்தாய், தலையில் ஒரு விரற்கடை முடியோடு. திருப்பதியில் மொட்டை போட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னாய். லட்டு எங்கே என்று பாண்டி கேட்டதற்கு விழித்தாயே, அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு மிச்சமும் தெரிந்துவிட்டது. கொள்ளி வைத்தது நீதான். அதற்காக உன் காலில் விழலாம். தம்பியாய்ப் போய்விட்டாய்.

நீ ஏன் மறைத்தாய் என்றும் தெரியும். சேதி வந்தால் கல்யாணம் நின்றுபோகும், வருஷம் கழியாமல் யாரும் பேச மாட்டார்கள், பாண்டிக்கு வயசு ஏறும். நானும் அதற்காகத்தான் வாயைத் திறக்கவில்லை. மணவறையில் நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நானும் உன்னைப் பார்க்கவில்லை. அப்பன் வரவில்லையா என்று சம்பந்தி கேட்டதற்கு, நாலு வருஷமாக ஆள் எங்கே என்றே தெரியாது என்று முன்னால் சொன்ன பொய்யை மட்டும் ஒத்துக்கொண்டேன். பூவும் பொட்டுமாய் ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு நின்றபோது தட்டு கனத்தது. குற்றம் என்றால் என் தலையோடு போகட்டும், பிள்ளைகள் நல்லாயிருக்கட்டும்.

முடிச்சை நீ அவிழ். கட்டினவள் நான், என்னால் முடியாது. வராத ஆளுக்கு நேர்ந்ததைச் சாமியும் வாங்காது. பாண்டிக்கு நீ போட்ட தோடே போதும், இதை விற்றுச் செய்ய எனக்கு மனசில்லை. அவர் நெற்றியில் வைக்க என் கையால் ஒரு காசு கொடுக்கவில்லை, அது இதுவாக இருக்கட்டும். சாம்பலைக் கடலில்தானே விட்டிருப்பாய், அங்கேயே இதையும் விடு. என்ன ஆண்டு என்று எனக்கு எழுதாதே.

அவர் போன தேதியை மட்டும் எழுது. எப்படிப் போனார் என்றும் எழுது. பாண்டி இப்போது கோச்சடையில் இருக்கிறாள், இனி உன் கடிதத்தை நானே வாசிப்பேன்.

அக்கா


பம்பாய்
1-3-1982

அக்கா, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சுகமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

டிசம்பர் பதினாறாம் தேதி ஆபீசுக்கு முத்துக்கருப்பன் போன் செய்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், புருவத்தில் தழும்பு இருக்கிறது என்றார். ஓடினேன். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். நெஞ்சு வியாதி. ஆள் பாதியாய்ப் போயிருந்தார், தழும்பு இல்லாவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் இந்த ஊரில் எங்கே வேலை பார்க்கிறேன் என்று அவருக்கு முதலிலிருந்தே தெரியுமாம். ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"தோத்த மூஞ்சிய எடுத்துக்கிட்டு எப்படி மாப்ள வர்றது" என்றார்.

பாண்டிக்குக் கல்யாணம் என்று சொன்னேன். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். மில் என்றதும் தலையை ஆட்டினார். நீ காசு முடிந்து வைத்திருப்பதைச் சொன்னேன். எந்தக் காசு என்றார். பரிச ரூபாய் என்றேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவுத்துறச் சொல்லு மாப்ள" என்றார். அதுதான் கடைசியாகப் பேசியது. மறுநாள், மார்கழி இரண்டாம் தேதி, காலை ஏழு மணிக்குப் போய்விட்டார்.

அவர் அவிழ்க்கச் சொன்னார். நான் உனக்கு அவிழ்க்காதே என்று எழுதினேன். கல்யாணத்துக்காகத்தான் எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சாகப் போகிறவர் சொன்னதை மாற்றிச் சொல்லிவிட்டேனே அக்கா, அது என்னைத் தூங்க விடவில்லை. அன்றைக்கு நெற்றியில் வைக்க என் பையில் நாலணாதான் இருந்தது. அதைத்தான் வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னபடி செய்துவிட்டேன். துணி காசோடு ஒட்டிக் கிடந்ததால் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. உள்ளே ராசா கறுத்துப் போயிருந்தார். ஆண்டை எழுதாதே என்றாய், எழுதவில்லை. சேட்டு போய்விட்டான் என்று நான் எழுதினதும் பொய். அதே இடத்தில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. அவன் கடையைத் தாண்டித்தான் கடலுக்கு நடந்தேன். டீ குடித்துவிட்டுப் போ என்று கூப்பிட்டான், காது கேட்காதது மாதிரிப் போய்விட்டேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று காசைக் கடலில் விட்டேன்.

என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு.

சோணைமுத்து


திருவாதவூர்
10-5-1982

தம்பிக்கு அக்கா எழுதுவது. இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத உட்காருகிறபோதெல்லாம் அந்தப் பாயும் சுவருமே கண்ணில் வந்தது. உன்னைத் திட்ட எனக்கு ஒன்றும் இல்லை. அவரைத் திட்ட நிறைய இருந்தது, பம்புசெட்டில் திட்டித் தீர்த்துவிட்டேன். தோற்ற முகம் என்றாராமே. அந்த முகத்துக்குத்தானே நாலு வருஷம் விளக்கு ஏற்றினேன். நிலம் போனால் போகிறது என்று சொல்ல என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

நீ ஆண்டை எழுதவில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டேன். வெறும் வெள்ளி விலைக் காசாக இருந்திருந்தால், கவலைப்படாதே அக்கா, அது சாதாரணக் காசுதான் என்று என்னைத் தேற்ற முதல் வரியிலேயே எழுதியிருப்பாய். கடைக்காரன் கூப்பிட்டும் நிற்காமல் போனேன் என்று எழுத வேண்டிய அவசியம் உனக்கு இல்லை. உன்னை எனக்குத் தெரியாதா. போகட்டும். அவர் நெற்றிக்கு அம்புட்டு விலை தகும்.

இங்கே சாமி படத்து ஆணியில் புது மஞ்சள் முடிச்சு ஒன்று தொங்குகிறது. ஊர்க் கண்ணுக்கு ஏதாவது தொங்க வேண்டுமே. உள்ளே ஒரு நாலணா. மூட்டையை மாற்றி வைக்கிறதற்காக உன்னை எப்படித் திட்டினேன், கடைசியில் நானே செய்துவிட்டேன். சாமிக்குத் தெரியும், அது சும்மாதான் இருக்கிறது.

பாண்டிக்கு மூன்றாம் மாசத்துத் தாலி பிரித்துக் கோர்த்தாயிற்று. நான்தான் உட்கார்ந்து கோர்த்தேன். முந்தாநாள் அழகர் ஆற்றில் இறங்கினதைப் பார்க்க மகளும் மருமகனும் கூட்டிப்போனார்கள். பாண்டி என் தலையில் ஒரு முழம் மல்லிகையை வைத்து, அப்பா வந்தா உன்னை அடையாளமே தெரியாதும்மா என்றாள். கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போய் நின்றேன். அழகரை எனக்குத் தெரியவில்லை, கண்ணீர்தான் மறைத்தது. பூவை மறுநாள் வாடினபிறகும் எடுக்க மனசு வரவில்லை.

போதும் தம்பி. நாலு மாசமாக வேஷம் போடுகிறேன். அவருக்காக வாய்விட்டு ஒரு தடவை அழ வேண்டும். சேதி வராமல் நான் எப்படி அழுவது, யார் சொன்னது என்று கேட்பார்களே. இனிமேல் பாண்டிக்கு ஒன்றும் இல்லை. முறைப்படி ஓரத்தில் மை தடவி ஒரு கார்டு எழுது. கவரில் போடாதே, கார்டாகவே வரட்டும், தபால்காரர் தெருவில் வாசிக்கட்டும். தேதியை மட்டும் இந்த மாசத்துத் தேதியாகப் போடு. ஊருக்கு அந்தத் தேதியில் திதி கொடுக்கலாம். மார்கழி இரண்டில் நான் தனியாகப் பட்டினி இருந்துகொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

அக்கா


பம்பாய்
18-5-1982

திருவாதவூர் மலையாண்டி மனைவி மாயக்காள் அவர்களுக்கு, தம்பி சோணைமுத்து துக்கத்துடன் தெரிவிப்பது.

காணாமல் போயிருந்த மச்சான் மலையாண்டி அவர்களை இங்கே ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தேன். நெஞ்சு வியாதியால் வைகாசி 2-ஆம் தேதி காலை ஏழு மணிக்குக் காலமானார். உடலை ஊருக்குக் கொண்டுவர வசதியில்லாததால் இங்கேயே என் கையால் தகனம் செய்துவிட்டேன். கோச்சடைக்கும் பங்காளிகளுக்கும் தகவல் சொல்லவும்.

அவர் பெயரில் காசு முடிந்து வைத்திருப்பதைச் சொன்னேன். அவிழ்த்துவிடச் சொன்னார்.

கார்டைக் கண்டதும் கிழித்துவிடவும்.

சோ. சோணைமுத்து